இருபத்துமூன்றாம் கட்டம்

அரசாங்கப் படிவங்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மழை மாதிரி அவை மேலிருந்து தாமாக விழுகின்றன என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக வருமான வரிப் படிவத்தின் வாசகங்களை எழுதுவது என் வேலை. 'இங்கே கையொப்பமிடவும்' என்பதிலிருந்து 'மேற்கண்ட தொகையைக் கழிக்கவும்' வரை எல்லாம் நான் எழுதியவை. லட்சக்கணக்கானவர்கள் ஆண்டுதோறும் என்னைப் படிக்கிறார்கள். ரசித்துப் படித்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

எங்கள் பிரிவில் ஒரு பழைய விதி உண்டு. படிவத்தில் இருக்கும் வரியை 'வரி' என்று எழுதக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் 'ஏழாம் வரியைச் சேர்க்கவும்' என்று எழுதிவிட, ஏழாவதாக இன்னொரு வரி போட்டுவிட்டார்களா என்று ஜனங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்களாம். அன்றிலிருந்து எல்லாமே 'கட்டம்'. ஒரு சொல் எப்படியெல்லாம் காலை வாரும் என்பதை அந்தக் கதையிலிருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு சபை நின்றுபோயிருந்தது. கீழவை நிறைவேற்றியதை மேலவை திருப்பி அனுப்பியது. மேலவை திருத்தியதைக் கீழவை எடுத்துப் பார்க்கவே மறுத்தது. சண்டை எரிபொருள் மீதான வரியைப் பற்றியது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மசோதாவுக்குள் கட்டி வைத்திருந்ததால், சண்டையே இல்லாத விஷயங்களும் அந்த மூட்டைக்குள் மூச்சு முட்டிக் கிடந்தன. அவற்றில் ஒன்று பராமரிப்புக் கழிவு. வீட்டில் எழுந்து நடமாட முடியாத ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால், அந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தை நம் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். ஓராண்டுக்கு மட்டும் என்று கொண்டுவந்து, ஒவ்வோர் ஆண்டும் நீட்டிக்கொண்டே வந்த சலுகை. அது வேண்டாம் என்று இரண்டு அவைகளிலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. வேண்டும், வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது காலாவதியாகிவிட்டது.

சலுகைக்கான இடம் படிவத்தில் இருபத்துமூன்றாம் கட்டம். அச்சுக்குப் போக நான்கு நாள் இருந்தது.

எங்கள் பிரிவில் மூன்று பேர். தலைமை அதிகாரியைக் கமா சார் என்போம். எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒரு கமாவையாவது சேர்த்தோ நீக்கியோ தராமல் இருக்க மாட்டார். படிவத்துக்குக் கோடு போட்டு வடிவமைப்பவர் ஸ்கேல். எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவது நான். பட்ஜெட் நிறைவேறாததால் அலுவலகம் மாதாமாதம் கிடைக்கும் இடைக்கால அனுமதியில் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. எரியாமல் போன ட்யூப் லைட்டை மாற்ற வழியில்லாமல் ஸ்கேல் தன் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்.

"எடுத்துடுங்க," என்றார் கமா சார். "சட்டம் இல்லாத கட்டம் எதுக்கு?"

"எடுத்தா இருபத்திநாலு இருபத்திமூணாகும் சார். அப்படியே நாற்பத்தொண்ணு வரைக்கும் நகரும். விளக்கப் புத்தகத்துல இருநூறு இடத்துல எண் மாத்தணும். படிவம் படிக்கிற மெஷினுக்கும் சொல்லிக் கொடுக்கணும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்னா, நீங்க வெள்ளிக்கிழமையைத்தான் நகர்த்தணும்," என்றார் ஸ்கேல்.

"அப்ப வெறும் கட்டமா விடுங்க."

"வெறும் கட்டத்தைப் பார்த்தா ஜனங்க சும்மா இருப்பாங்களா? ஃபோன் நம்பரையாவது எழுதி வைப்பாங்க."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "'ஒதுக்கப்பட்டது'ன்னு போட்டுடலாம் சார். கட்டமும் இருக்கும், எண்ணும் மாறாது. நடுவுல சட்டம் வந்துட்டா, அந்தக் கட்டத்தை நிரப்புங்கன்னு ஒரு அறிவிப்பு கொடுத்தாப் போதும். ஜனங்க தனியா இன்னொரு படிவம் போட வேண்டாம்."

அலுவலக வழக்கில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், இந்த இடத்தைத் துறை தன் கையில் வைத்திருக்கிறது, நீங்கள் தொட வேண்டாம் என்பது. முன்பும் இரண்டு முறை அப்படிப் போட்டிருக்கிறோம். தொடக் கூடாது என்று தெரிவதற்காக அந்தக் கட்டத்துக்குள் சாம்பல் நிறம் பூசிவிடுவோம்.

"சாம்பலுக்குத் தனி மை. இந்த மாசம் அனுமதி இல்ல," என்றார் ஸ்கேல்.

கமா சார் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி, வெள்ளையாவே போகட்டும். தமிழ் தெரிஞ்சவன் படிச்சுப்பான்."

நான் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனால் சொல்லாத காரணம் ஒன்றும் எனக்குள் இருந்தது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால், சட்டம் திரும்பி வரும் வழியையே அடைத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு மூட பயம். காலியாகவாவது அது இருக்கட்டும் என்று பட்டது. என் அக்கா வீட்டு நாற்காலி ஒன்று அந்தக் கட்டத்துக்குள் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அத்தானின் சக்கர நாற்காலி அது.

அத்தான் மொத்த மார்க்கெட்டில் ஏலம் கூவியவர். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வார்த்தை பேசிக்கொண்டிருந்தவருக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் வந்த பக்கவாதம் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவைத்துப் போனது. "சரி." எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவர் ஏலத்தையே நடத்துவார். வேண்டாம் என்பதற்கு ஒரு சரி, தண்ணீருக்கு ஒரு சரி, போடி என்பதற்கு ஒரு சரி.

அக்கா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் இருக்கிறாள். காலை எட்டு மணிக்கு அவள் கிளம்ப வேண்டும். ஏழரைக்கு ஒருவர் வந்து அத்தானைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, கைகால்களை நீவி, சாயங்காலம் ஐந்து வரை உடனிருப்பார். அவரை நாங்கள் பகல்காரர் என்போம். பகல்காரரின் சம்பளத்தில் எட்டு மாதத்தை அக்கா தன் சம்பளத்திலிருந்து கொடுப்பாள். மீதி நான்கு மாதம் அந்தக் கழிவினால் திரும்பி வரும் வரிப் பணத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அது வராவிட்டால் பகல்காரர் இல்லை. பகல்காரர் இல்லாவிட்டால் அக்காவின் வேலை இல்லை. முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

படிவம் அச்சுக்குப் போனபின் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"என்ன ஆச்சு உங்க சபை? பேசுறாங்களா, இல்ல எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரே வார்த்தையை வெச்சு ஓட்டுறாங்களா?"

"சரி," என்றார் அத்தான், அவமானப்பட்டவர் மாதிரி.

"பாரு, அவருக்கே கோபம் வருது. அவங்களோட சேர்க்காதேங்கிறார்."

"வந்துடும்க்கா. யாரும் அதை எதிர்க்கல."

"யாரும் எதிர்க்காததுதான்டி வராது. எதிர்த்தா பேசியாவது தீர்ப்பாங்க." ஒரு துண்டை உதறினாள். "முதல்ல பேரை மாத்தச் சொல்லு. கழிவு, கழிவுன்னு எழுதினா யாரு தருவாங்க? குப்பைன்னு நினைச்சிருப்பாங்க."

சிரித்தோம். பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள். "ஆறாம் மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுவரைக்கும் சீட்டுப் பணம் இருக்கு, ஓட்டிடலாம். அதுக்கப்புறம் எழுதிக் கொடுத்துட்டு வீட்டுல உட்கார்ந்துடுறேன். ராஜினாமா லெட்டர் எழுதி வெச்சாச்சு. தேதி மட்டும் போடல."

"எங்க வெச்சிருக்கே?"

"கவுண்ட்டர்லதான். சில்லறைத் தட்டுக்குக் கீழே."

அதை அவள் சொன்ன விதத்தில் துக்கம் எதுவுமில்லை. கடைக்குப் போக வேண்டிய பட்டியலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அத்தான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான் அவர் சரி என்று சொல்லவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் படிவங்கள் வந்து குவிந்தன. அடுத்த வாரமே பரிசீலனைப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. அந்தப் பிரிவின் தலைவி நிதானமான குரல் உள்ளவர். கெட்ட செய்தியைக்கூடக் கைக்குழந்தையைக் கீழே விடுவது மாதிரிதான் சொல்வார்.

"மேடம், இருபத்திமூணாம் கட்டத்துல தொகை எழுதியிருக்காங்க."

"யாரு?"

"பதினோராயிரத்து நானூறு பேரு. மெஷின் எல்லாத்தையும் துப்பிடுச்சு."

கீழ்த்தளத்தில் அவர் அறைக்குப் போனேன். சுவரோரம் இடுப்பளவுக்குக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் சிவப்பு ரப்பர் பேண்ட். ஒன்றைப் பிரித்து முதல் தாளை எடுத்தேன். நான் எழுதிய சொல்லுக்குக் கீழேயே, வெள்ளைக் கட்டத்துக்குள், சென்ற ஆண்டு அதே ஆள் எழுதியிருக்கக்கூடிய அதே தொகை. அடுத்த தாளில் தொகைக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 'அம்மாவுக்கு.' அதற்கடுத்ததில், கட்டத்துக்கு வெளியே ஓரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி ஒன்றில், 'ஒதுக்கியதற்கு நன்றி.'

நின்றுகொண்டே படித்தேன். பத்தொன்பது ஆண்டுகளில் படிவத்தில் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. சொன்ன முதல் நன்றியும் தவறான விலாசத்துக்கு வந்திருந்தது. எதையும் யாருக்கும் நான் ஒதுக்கவில்லை. இல்லாத ஒன்றின் இடத்தில் ஒரு சொல்லை வைத்தேன், அவ்வளவுதான். அவர்கள் அந்தச் சொல்லை நம்பிவிட்டார்கள்.

அதே வாரத்தில் வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் எழுதியிருந்தார். மனைவி படுக்கையில் இருக்கிறார். 'கடைசியில் எங்களை ஒதுக்கிவிட்டீர்கள். அதைப் படிவத்திலேயே அச்சடித்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.' கட்டத்தைக் காலியாக விட்டு, முழு வரியையும் கட்டியிருந்தார். சட்டப்படி அவர் செய்ததுதான் சரி. அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். பிறகு எடுத்து மேசை மேல் வைத்தேன், கண்ணில் படட்டும் என்று.

ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரும்படி எனக்கு ஆணை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். பகல்காரருக்கு அன்று விடுமுறை. அக்கா அத்தானுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைக்கா. பதினோராயிரம் பேரு தப்பா எழுதிட்டாங்க."

ரேசர் நின்றது. "எந்தக் கட்டம்?"

"இருபத்திமூணு."

"நானும்தான் எழுதியிருக்கேன்."

"அக்கா! சட்டமே இல்லைன்னு உனக்குத் தெரியாதா? நான்தான் சொன்னேனே!"

"சொன்னே. அப்புறம் ஃபாரம் வந்துச்சு. பார்த்தா ஒதுக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. யாருக்கு ஒதுக்குவாங்க, எங்களுக்குத்தானே? சபை என்னவோ பண்ணட்டும், இவ நமக்குன்னு எடுத்து வெச்சுட்டான்னு நினைச்சேன்." அத்தானின் தாடையை நிமிர்த்திப் பிடித்தாள். "நீ எழுதின வார்த்தைதானே? ஒதுக்கி வெச்சா எடுத்துக்க வேண்டியதுதானே?"

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. நான் மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அடுப்படி மேடையில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். உள்ளே பாதி முட்டையோ, கால் பழமோ, ரொட்டியின் மெத்தென்ற நடுப்பகுதியோ இருக்கும். தம்பிகள் யாராவது கை வைத்தால் அக்கா உள்ளறையிலிருந்தே கத்துவாள், "தொடாதே, அவளுக்கு ஒதுக்கி வெச்சிருக்கு!" கவிழ்ந்த டம்ளரைவிடப் பலமான பூட்டு எங்கள் வீட்டில் இல்லை. அப்பாகூட அதைத் தாண்டியதில்லை.

நான் படித்ததும், இந்த வேலைக்கு வந்ததும் அந்த டம்ளர்களின் மேல் நடந்து வந்ததுதான். வந்தபிறகு அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் சுலபமாகக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுச் சொல்லையே வெளியாள் மாதிரி எழுதியிருக்கிறேன், அதை அக்கா வீட்டாள் மாதிரி படித்திருக்கிறாள். இதில் தவறு யாருடையது என்று எனக்குள் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னடி, வாயடைச்சுப் போயிட்டே?"

"சரி," என்றார் அத்தான், பாதி முகத்தில் நுரையோடு. அது, ரேசரை நகர்த்து என்பதற்கான சரி.

மறுநாள் விளக்கக் கடிதத்தை எழுதிக் கமா சாரிடம் கொடுத்தேன். சொல் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்று எழுதியிருந்தேன். ஸ்கேலின் பெயரையும் சாம்பல் மையையும் இழுக்கவில்லை. அவர் படித்தார். இரண்டு கமாக்களை எடுத்தார், ஒன்றைப் போட்டார்.

"சார், இன்னொண்ணும் சொல்லணும். தொகை எழுதினவங்கள்ல எங்க அக்காவும் ஒருத்தி."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவங்க தாளைத் தனியா எடுக்கச் சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்புறம் என்ன? எல்லாத் தாளோடயும் கிடக்கட்டும்." பேனாவை மூடினார். "இந்தப் பதினோராயிரத்தையும் இப்ப என்ன பண்ணுவாங்க?"

"திருப்பி அனுப்புவாங்க. கட்டத்தைக் காலி பண்ணி, மிச்ச வரியைக் கட்டி, தாமதக் கட்டணமும் போட்டுத் திரும்ப அனுப்பணும். ஒருவேளை சட்டம் அதுக்கப்புறம் வந்தா, மறுபடியும் தனியா ஒரு விண்ணப்பம்."

"மூணு தடவை." அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அந்தப் புத்தகத்தை அவர் புரட்டுவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். சிலர் சங்கீதம் கேட்கும்போது வைத்துக்கொள்ளும் முகம். "படிங்க."

"'பிழையுள்ள படிவங்கள், பெறப்பட்ட தொண்ணூறு நாட்களுக்குள், உரியவருக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும்.'"

"உடனேன்னு எங்கேயாவது இருக்கா?"

"இல்ல சார்."

"தொண்ணூறாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அனுப்பினா அது தொண்ணூறு நாளுக்குள்ளதானே?"

"ஆமா சார்."

"எண்பத்தொன்பதாம் நாள்கூட?"

"ஆமா."

"அப்ப அவசரம் என்ன? சபையில உட்கார்ந்து அவங்க இழுக்கிறாங்க. இழுக்கிறது அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச வித்தையா?"

ஜன்னலோரத்திலிருந்து ஸ்கேல் ஒரு மாதிரி இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

கமா சார் பரிசீலனைப் பிரிவுக்கு நான்கே வரியில் ஒரு குறிப்பு அனுப்பினார். அந்த அம்மா உடனே ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறொரு நிம்மதி. பதினோராயிரத்து நானூறு உறைகளுக்குத் தபால் செலவு வேண்டும், அதற்கும் அந்த மாதம் அனுமதி இல்லை. சாம்பல் மைக்குப் பணமில்லாததால் விளைந்த தவறை, தபால் தலைக்குப் பணமில்லாதது காத்துக்கொண்டிருந்தது. சபை எங்களை நிறுத்தி வைத்திருந்தது. நாங்களும் சபைக்காக எங்களை நிறுத்தி வைத்துக்கொண்டோம்.

ஸ்கேல் சுவரில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டித் தொண்ணூறு கட்டங்கள் வரைந்தார். தினமும் காலையில் வந்து ஒன்றைப் பென்சிலால் சாம்பலாக்குவார். "மை இல்லாட்டி என்ன," என்பார்.

நாற்பதாம் நாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் கோப்பில் அது நிரந்தரமாக இருக்கும் என்று அதன் கடைசி வாக்கியம் சொன்னது. அந்த வாக்கியத்தில் ஒரு கமா தவறான இடத்தில் இருப்பதைக் கமா சார் எனக்குக் காட்டினார். அவரால் அன்றைக்கு எனக்குச் செய்ய முடிந்த ஆறுதல் அதுதான். அது போதுமாகவும் இருந்தது.

அறுபதாம் நாள் தாண்டியதும் எனக்குத் தூக்கம் குறைந்தது. என்னையே நான் கேட்டுக்கொண்டேன். சட்டம் வராமல் போனால், இந்தத் தொண்ணூறு நாள் அவர்களுக்கு நான் கொடுத்ததா, அவர்களிடமிருந்து எடுத்ததா? முதல் வாரத்திலேயே தாள் திரும்பியிருந்தால் அக்கா மிச்ச வரியைக் கட்டிவிட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பாள். நாளாக ஆக நம்பிக்கையும் வளர்கிறது, தாமதக் கட்டணமும் வளர்கிறது. பிறருக்காகக் காத்திருப்பது சுலபம். பிறரைக் காத்திருக்க வைப்பதில்தான் தூக்கம் போகிறது. அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்காததே என்னை இன்னும் படுத்தியது. ஆறாம் மாதம் பிறந்த அன்று மட்டும் தொலைபேசியில், "பகல்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சுட்டேன், அவரும் வேற இடம் பார்க்கணும்ல," என்றாள்.

எழுபத்தெட்டாம் நாள் சபை ஒத்திவைக்கப்பட்டது. எண்பதாம் நாள் கூடி மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது. எண்பத்துநாலாம் நாள் மத்தியானம், ஸ்கேல் தன் கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் வேலை நேரத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"எரிபொருளை ஒரு குழுவுக்குத் தள்ளிட்டாங்களாம். மீதி எல்லாம் பாஸ்."

"எல்லாம்னா?" என்றார் கமா சார்.

"போன வருஷத்துக்கும் சேர்த்து சார். கழிவு உண்டு. படிவத்துல ஏற்கெனவே கோரியிருந்தா அப்படியே ஏத்துக்கணுமாம்."

கமா சார் பேனாவைக் கீழே வைத்தார். யாரும் கைதட்டவில்லை. அவர், "ஓராண்டுக்குத்தானா?" என்று கேட்டார்.

"ஓராண்டுக்குத்தான் சார்."

"அப்ப அடுத்த வருஷமும் இதே பாடுதான்." ஆனால் அதைச் சொல்லும்போது எழுந்து வந்து, ஸ்கேலிடமிருந்து பென்சிலை வாங்கி, மிச்சமிருந்த ஆறு கட்டங்களையும் அவரே குறுக்காக அடித்தார். கோணல்மாணலாக. ஸ்கேல் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

கீழ்த்தளத்திலிருந்து அந்த அம்மா பேசினார். "மேடம், ரப்பர் பேண்ட் எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டேன்."

முதலில் தச்சருக்கு எழுதினேன். அச்சிட்ட பதில் போதும் என்றாலும் கையால் எழுதினேன். உங்களை ஒதுக்கவில்லை, அந்தச் சொல்லை எழுதியது நான்தான், என்னை மன்னியுங்கள், இத்துடன் இருக்கும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு அனுப்புங்கள், மற்ற இடங்களையெல்லாம் நான் நிரப்பியிருக்கிறேன். ஒழுங்காகப் படித்து ஒழுங்காக நடந்தவர்கள்தான் இன்னொருமுறை விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உறுத்துகிறது. எத்தனை பேர் விண்ணப்பிக்காமலே விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் கவுண்ட்டரில் இருக்கும்போது அக்கா எடுக்க மாட்டாள். அது மட்டும் காரணமில்லை. அந்தச் சில்லறைத் தட்டை நான் என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம் எண் கவுண்ட்டரில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நானும் போய் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தலை நிமிராமல் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை பணத்தை வாங்கும்போதே மற்றது சில்லறையைத் தள்ளும். தலைமுடியின் வகிட்டில் நரை அகலமாகியிருந்தது. வீட்டில் அவள் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டோ தாங்கிக்கொண்டோதான் இருப்பாள். இங்கே அவள் தோள் தளர்ந்து, கைகள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. இந்த ஆறு ஆண்டுகள் அவளுக்கு எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓய்வூதியம் ஒரு காரணம்தான்.

என் முறை வந்தது.

"எங்க?" என்றாள், நிமிராமலே.

"இருபத்திமூணு."

"இருபத்திமூணு இங்க வராது, எதிர்ப் பக்கம் போய்…" நிமிர்ந்தாள். கண்ணாடியின் ஓட்டை வழியாக என் முகத்தைப் படித்தாள். அவளுக்கு என் முகத்தைப் படிக்க விளக்கப் புத்தகம் தேவையில்லை.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா. நீ எழுதினது அப்படியே நிக்கும்."

அவள் சில்லறைத் தட்டைத் தூக்கி, அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். அதைத் திருப்பி, காலியாக இருந்த பின்பக்கத்தில் எதையோ எழுதி, மேசையோரம் வைத்துக்கொண்டாள். பிறகு பார்த்தேன். 'பகல்காரரிடம் சொல்ல: போக வேண்டாம்.'

"அம்மா, அழுறதா இருந்தா ஓரமா போய் அழுங்க, எனக்கு வண்டி கிளம்புது," என்றார் எனக்குப் பின்னால் நின்றவர். யார் அழுதது என்று பார்த்தேன். நான்தான்.

"சார், ஒரு நிமிஷம். இவ என் தங்கச்சி, அரசாங்கத்துல கவிதை எழுதுறா," என்றாள் அக்கா. வரிசையில் நான்கு பேர் சிரித்தார்கள். அவள் குனிந்து காலடியில் இருந்த பையைத் திறந்து, டிக்கெட் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை ஓட்டை வழியாகத் தள்ளினாள். "இந்தா, அந்த பெஞ்சுல போய் உட்காரு. இன்னும் அரைமணில எனக்கு மாத்து ஆள் வரும்."

பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். பாதி பன், நடுவில் அழுத்தமாக வெட்டியது. மற்ற பாதியை மத்தியானம் அவள் சாப்பிட்டிருக்க வேண்டும்.

அரைமணி கழித்து அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டேன். "நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதே."

"அப்புறம் எனக்குன்னு பாதி வெச்சிருந்தே?"

"தினமும்தான் பாதி வைக்கிறேன். சின்ன வயசுல வந்த பழக்கம், விட மாட்டேங்குது." புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரும் வரலைன்னா சாயங்காலம் நானே தின்னுடுவேன்."